கோபுரத்துப் பெண்களுக்கு ரவிக்கை

வணக்கம். நான் பீடோங்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பெயர் வெளியிட வேண்டாம். எங்கள் மாரியம்மன் கோயில் முன்பு ரப்பர் தோட்டத்துக்குள் இருந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு வீடுகள் கட்டியபோது பட்டணத்து ஓரத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு கும்பாபிஷேகம். பாலாலயம் முடிந்து திருப்பணி நடக்கிறது. கோபுரத்தில் உள்ள பெண் உருவங்களுக்கெல்லாம் வர்ணத்தால் ரவிக்கை போட்டுவிடலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் சொன்னார். கீழே பெரிய சாலை, பள்ளிப் பேருந்து நிற்கும் இடம். மலாய்க்காரரும் சீனரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறார்கள். மகளிர் பிரிவு சார்பில் நானும் கை தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கோலாலம்பூரில் ஓவியம் படிக்கும் என் பேத்தி சண்டைக்கு வந்துவிட்டாள். கலையில் வெட்கத்துக்கு இடமில்லையாம். சோழர் காலத்தில் யாரும் ரவிக்கை போட்டதில்லையாம். வெள்ளைக்காரன் வந்துதான் நமக்கு வெட்கத்தைக் கற்றுக் கொடுத்தானாம். அதோடு விட்டாளா? என்னையே ரவிக்கை இல்லாமல் சேலையை மட்டும் போர்த்திக்கொண்டு உட்காரச் சொல்கிறாள், படம் வரைவதற்கு. எழுபது தாண்டிய உடம்பில் என்ன அழகு இருக்கிறது? நான் முடியாது என்றுவிட்டேன். இரண்டு வாரமாகச் சரியான பேச்சில்லை.

நீங்கள் செப்புத் திருமேனிகளைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். உடம்பைத் திறந்து காட்டினால்தான் அழகா? தெய்வத்துக்கும் அப்படியா? மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, பீடோங்

*

அன்புள்ள டீச்சர்,

மழுப்பவில்லை. ரவிக்கை வேண்டாம். ஆனால் உங்கள் பேத்தி சொல்லும் காரணங்களில் பாதி எனக்கும் ஒப்புதல் இல்லை.

முதலில் பைரவரைப் பற்றிக் கேட்கிறேன். ஏதாவது ஒரு சிவன் கோயிலில் அவர் சந்நிதி முன் நின்றிருப்பீர்கள். சிற்ப நூல்களின்படி அவர் ஆடையற்றவர். பாம்பும் மணிமாலையும்தான் அவர் அணிவது. அபிஷேகத்தின்போது பார்த்தால் தெரியும். அவருக்குக் காற்சட்டை வரைய வேண்டும் என்று இந்த நாட்டில் எந்த நிர்வாகக் குழுவாவது தீர்மானம் போட்டதுண்டா? தாருகாவனத்துக்கு ஆடையின்றிப் பிச்சை எடுக்கப் போன சிவனை, பிட்சாடனர் என்ற பெயரில், தாராசுரத்தில் கல்லில் செதுக்கினார்கள். அவரையும், அவரைக் கண்டு மயங்கிய முனிபத்தினியரையும் தஞ்சைக் கலைக்கூடத்தில் இன்றும் பார்க்கலாம். அந்தப் பெண்களின் நிலை தடுமாறுவது கதையிலேயே இருக்கிறது, அதற்காகச் சிவனைக் கோயிலில் யாரும் கண்டிப்பதில்லை. ஆக உங்கள் குழுவின் சங்கடம் ஆடையின்மையைப் பற்றியது இல்லை. பெண்ணுடம்பைப் பற்றியது. அதை அப்படியே ஒப்புக்கொண்டு பேசினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இனி செப்புத் திருமேனி. தேவியின் உருவத்தைப் படத்தில் பார்ப்பவர்கள் மேலுடம்பைப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே கொஞ்சம் பாருங்கள். துணி இருக்கிறது. தொடையோடு ஒட்டிய மெல்லிய ஆடை. அதன் கரையும் பூவேலையும் மெழுகிலேயே கீறப்பட்டிருக்கும். விளிம்பு கால் மேல் எங்கே முடிகிறது என்று விரலால் தொட்டுச் சொல்லலாம். சுவாமிமலையில் இன்றும் அந்த முறையில்தான் செய்கிறார்கள். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, முதலில் முழு உடம்பைப் பிடிக்கிறார்கள். தென்னை ஓலையை மடித்து மடித்து அளவு எடுக்கிறார்கள். தேவியருக்கு மத்திம தசதாலம், அதாவது உச்சி முதல் பாதம் வரை 120 பங்கு. உடம்பு அளவுக்குள் வந்து நின்ற பிறகே மெழுகுத் திரிகளால் ஆடையும் அணியும் ஏறும். பிறகு காவிரி வண்டல் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். ஆடை எவ்வளவு ஏறினாலும் அதற்குக் கீழே ஒரு முழு உடம்பு மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். சோழர் திருமேனிகளில் நரம்பும் தசைமுடிச்சும் தெரியாது. மூச்சை உள்ளிழுத்து நிறுத்திய உடம்பு அது. அந்த நிறைவுதான் அழகு என்று அந்தச் சிற்பிகள் நம்பினார்கள். நானும் நம்புகிறேன்.

கச்சு என்ற ஒன்றும் இருந்தது. திருமாலின் இரு பக்கமும் நிற்கும் தேவியரைப் பாருங்கள். ஸ்ரீதேவிக்கு மார்புக்கச்சு உண்டு, பூதேவிக்கு இல்லை. யார் எவர் என்று சிற்பி நமக்குச் சொல்லும் வழிகளில் அது ஒன்று. துர்க்கைக்கும் கச்சு உண்டு. இது இருக்க, எல்லாருக்கும் ஒரே பச்சை எனாமல் பெயிண்டில் ரவிக்கை போட்டால் பூதேவி யார், ஸ்ரீதேவி யார்? இதற்கு யாரும் வெட்கப்படவில்லையே என்பதுதான் எனக்கு வியப்பு.

"தெய்வத்துக்கும் அப்படியா" என்று கேட்டீர்கள். கோயிலில் நாம் உற்சவரை அப்படிப் பார்ப்பதே இல்லை என்பது என் பதில். பட்டு, மாலை, நகை, கவசம் எல்லாம் போக முகமும் கையும் பாதமும்தான் வெளியே தெரியும். முழுத் திருமேனியை அறிந்தவர் சிற்பியும் அபிஷேகம் செய்யும் குருக்களும்தான். அபிஷேகத்திலும் பல கோயில்களில் ஓர் ஆடையைச் சுற்றித்தான் பாலும் சந்தனமும் ஊற்றுகிறார்கள். அருங்காட்சியகத்துக்கு வந்த பிறகே அந்தப் பட்டு உருவப்பட்டது. அங்கே நிற்கும் உருவத்தைக் காட்டி "பாருங்கள், நம் முன்னோருக்கு மறைக்கும் பழக்கமே கிடையாது" என்று உங்கள் பேத்தி சொன்னால், பாதிக் காட்சியை வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம். மறைப்பும் இருந்தது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் முன் என்ற ஒழுங்கு இருந்தது. தோட்டத்து லயங்களில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த நமக்கு இது தெரியாததா? பொதுக் குழாயடியில் பாவாடையை மார்போடு ஏற்றிக் கட்டிக்கொண்டு, தோளெல்லாம் வெளியே தெரியக் குளித்த அதே பெண்கள், விடியற்காலையில் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போகும்போது கணவரின் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, தலையில் துண்டு கட்டி, கண் மட்டும் தெரியப் போவார்கள். கொசுவுக்காகத்தான், வெட்கத்துக்காக அல்ல. குழாயடியில் அவர்கள் உடம்பைப் பற்றி யாரும் பேசியதில்லை. பேசியிருந்தால் வாளி பறந்திருக்கும்.

பிறகு எங்கிருந்து வந்தது இந்த ரவிக்கை? நம் வீட்டுச் சுவரிலிருந்து. ராஜா ரவிவர்மா 1894இல் மும்பையில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வண்ணப் படங்களாக வீடு வீடாக அனுப்பினார். முழுச் சேலை, ரவிக்கை, தழைந்த கூந்தல். அந்த உருவம் மளிகைக் கடை நாட்காட்டியில் ஏறி, கப்பலேறி, லயத்து முன்கூடத்தில் ஆணியில் தொங்கியது. மூன்று தலைமுறை அதற்குத்தான் ஊதுவத்தி காட்டியது. அந்தப் படங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாதி பார்த்துக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் வீட்டுக்குள் தெய்வத்தைக் கொண்டுவந்தவை அவை. ஆனால் நூற்றுச் சொச்சம் வயதான ஒரு படத்தை அளவுகோலாக வைத்து ஆயிரம் வருட மரபைத் திருத்தப் போகிறோம் என்றாவது தெரிந்து செய்ய வேண்டும்.

இந்தத் திருத்தம் நம்மிடம் மட்டும் நடந்ததல்ல. மைக்கேலாஞ்சலோ வாத்திகனின் சிஸ்டைன் ஆலயத்தில் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் புனிதர்கள் ஆடையின்றி இருந்தார்கள். திருச்சபை மறைக்கச் சொன்னது. அவர் இறந்த மறு வருடம், 1565இல், தானியேலே தா வோல்தெர்ரா என்ற ஓவியர் சாரம் ஏறினார். அவரும் நல்ல கலைஞர், மைக்கேலாஞ்சலோவிடம் மதிப்பு வைத்திருந்தவர். இடுப்புக்கு இடுப்பு துணி தீட்டினார். புனித கேத்தரீனையும் அவர் பின்னால் நின்ற புனித பிளேசின் பெரும்பகுதியையும் சுண்ணத்தோடு கொத்தி எடுத்துவிட்டு உடை உடுத்தி மறுபடி வரைந்தார். அவர் வேறு என்னென்னவோ வரைந்திருக்கிறார். ஆனால் ரோம் நகரம் அவரைக் காற்சட்டைக்காரர் என்று பட்டப்பெயர் வைத்து அழைத்தது, இன்றுவரை அந்தப் பெயர் போகவில்லை. 1994இல் சீரமைப்பு முடிந்தபோது பிற்காலத்தார் தீட்டிய துணிகள் பலவற்றை நீக்கினார்கள். தானியேலே வரைந்தவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். கேத்தரீனுக்கு எப்படியும் வழியில்லை, கீழே எதுவும் மிச்சமில்லை. உங்கள் கோபுரத்தில் பெயிண்டை என்றாவது சுரண்டிவிடலாம், அந்த மட்டில் நாம் பாக்கியசாலிகள்.

இப்போது பேத்தியின் பக்கம். "வெள்ளைக்காரன் வெட்கத்தைக் கற்றுக் கொடுத்தான்" என்பது காதுக்கு இனிக்கும் வாக்கியம். ஆனால் திருவிதாங்கூரில் மேலுடம்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் அடிபட்டுப் போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று அதற்குப் பெயர். 1859இல்தான் அரசு அறிவிப்பு வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அங்கே திறந்த மார்பு அழகும் அல்ல, கலையும் அல்ல, அடிமைச் சின்னம். அதே நூற்றாண்டில் காலனிக்காரர்கள் கீழை நாட்டுப் பெண்களை நிறுத்திவைத்துப் பிடித்த புகைப்படங்களையும் பேத்தி வகுப்பில் பார்த்திருப்பாள். பல படங்களில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. சாதி, இனம், தொழில் மட்டும் கீழே அச்சிட்டிருக்கும். துணி குறைந்திருப்பதால் அது கலையாகிவிடவில்லை. எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுவது, அந்த உருவத்துக்குத் தன் உடம்பின் மேல் உரிமை இருக்கிறதா என்பதுதான். திருமேனியில் நிற்கும் தேவிக்கு இருக்கிறது. நாம் பார்ப்பதால் அவள் கூசவும் இல்லை, நம்மை அழைக்கவும் இல்லை. தன் எடையைத் தன் இடுப்பில் தாங்கி நிற்கிறாள். புகைப்படத்துப் பெண்ணுக்கு அந்த இடம் மறுக்கப்பட்டது. ரவிக்கைக்காகக் கை தூக்கிய உங்களை உங்கள் பேத்தி பழமைவாதி என்று நினைத்தால், அந்தத் துணிக்குப் பின்னால் யாருடைய ரத்தம் இருக்கிறது என்றும் அவள் படிக்கட்டும்.

எழுபது தாண்டிய உடம்பில் என்ன அழகு என்று கேட்டீர்கள். கடிதத்தில் எனக்குப் பிடித்த வரியும் அதுதான், பிடிக்காத வரியும் அதுதான். பள்ளியில் காரைக்கால் அம்மையார் கதையை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். மாம்பழம் வரை சொல்லிவிட்டு, பிறகு நடந்ததை வேகமாகத் தாண்டியிருப்பீர்கள், எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான். கணவன் விட்டுப் போன பிறகு இந்தச் சதையைச் சுமக்க வேண்டாம் என்று உதறிப் பேயுருக் கேட்டு வாங்கியவர் அவர். திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஒரு பெண்பேயை "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று வருணிக்கத் தொடங்குகிறார். குழிந்த கண், ஒட்டிய வயிறு, நீண்ட பல். பதிகத்தின் முடிவில் தன்னையே காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். சோழர் காலச் சிற்பிகள் இதை மென்று விழுங்கவில்லை. அப்படியே வார்த்தார்கள். அமெரிக்காவில் கன்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு திருமேனி இருக்கிறது. விலா எலும்புகள் எண்ணும்படி, மார்பு தொங்கி, கையில் தாளத்துடன் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் அப்படியொரு சிரிப்பு. பார்வதியை வார்த்த அதே மெழுகு, அதே மரபு. அறுபத்துமூவர் வரிசையில் எல்லாரும் நிற்க, அவர் ஒருவர்தான் அமர்ந்திருப்பார். பார்வதியின் உடம்புக்கு உள்ள அழகு வேறு, இந்த உடம்புக்கு உள்ளது வேறு. ஆனால் இரண்டாவதைப் பார்க்கத் தெரியாதவர்களால் முதலாவதையும் சரியாகப் பார்க்க முடியாது என்பது என் கட்சி. இளமையை மட்டும் ரசிக்கும் கண் சிலையைப் பார்க்கவில்லை.

அதற்காக நீங்கள் பேத்தியின் முன் உட்கார வேண்டும் என்று சொல்லமாட்டேன். உட்காருவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஓவியக் கல்லூரிகளில் மாதிரியாக அமர்பவர் சம்மதித்துத்தான் அமர்கிறார், எழுந்து போகவும் அவருக்கு உரிமை உண்டு. அந்த மரியாதையைப் பேத்தி வீட்டுக்குள்ளும் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விசாரியுங்கள்: மற்ற மாணவர்கள் இளம் உடம்புகளைத் தேடும்போது அவள் ஏன் உங்களைக் கேட்டாள்? அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வேண்டுமானால் மறுபடி முடியாது என்று சொல்லுங்கள். கையையும் கழுத்தையும் மட்டும் வரைய விட்டாலும் அவளுக்கு ஒரு மாத வேலை இருக்கும்.

குழு மறுபடி கூடினால் ரவிக்கைப் பேச்சை விட்டுவிட்டு ஸ்தபதியிடம் வேறு கேள்வி கேளுங்கள். நம் ஊர்க் கோபுரங்களில் பல பெண் உருவங்கள் உறுத்துவதற்குக் காரணம் துணிக்குறைவு அல்ல, அளவு கெட்டது. கம்பி கட்டி சிமெண்டு அப்பும் அவசரத்தில் இடுப்பு ஒடிந்து, தோள் குறுகி, மார்பு மட்டும் தனியே ஒட்டியது போல் நிற்கிறது. முகம் சினிமா நடிகையுடையது. அதன் மேல் பளபளக்கும் ரவிக்கை வரைந்தால் பேருந்துக்கு நிற்கும் பையன்களின் கண் நேராக அங்கேதான் போகும். எந்தெந்த உருவத்துக்குக் கச்சு உண்டு, எதற்கு இல்லை, தாலக் கணக்கு என்ன என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரிந்த ஸ்தபதி என்றால் அவர் போக்கில் விட்டுவிடலாம். தெரியாதவர் என்றால் பெண் உருவங்களைக் குறைத்துவிட்டு யாளியும் கொடிக்கருக்கும் செய்யச் சொல்லுங்கள், செலவும் குறையும். கை தூக்கியதை இறக்கிக்கொள்ள உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், தீர்மானத்தில் "பெண் உருவங்களுக்கு" என்று இருப்பதை "எல்லா உருவங்களுக்கும்" என்று மாற்றச் சொல்லுங்கள். பைரவரிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்ததும் தீர்மானத்தை அவர்களே எடுத்துவிடுவார்கள்.