ஜெர்மனியின் டோர்ட்மண்டில் பால் சேராத சமையல்: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, படிக்க வந்ததிலிருந்து ரொட்டியும் ஜாமுமாகவே ஓடுகிறது, விடுதியில் பொது அடுப்படி, குக்கர் கிடையாது, பால் தயிரை ஊரிலேயே விட்டாயிற்று, இங்கே வீகன் சாமான்கள் (பால், முட்டை, தேன் என விலங்கிலிருந்து வருவது எதுவும் சேராதவை) கொள்ளை விலை, என்னதான் சமைப்பது என்று கேட்டிருந்தீர்கள். திருநெல்வேலிப் பிள்ளை என்று வேறு சொல்லிவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விலை அதிகமாகத் தெரிவது நீங்கள் போய் நிற்கிற அலமாரியால். 'வீகன்' என்று பெரிதாக அச்சடித்த சீஸும் சாசேஜும், அசல் சீஸும் இறைச்சி சாசேஜும் தின்று வளர்ந்து பிறகு விட்டவர்கள் அந்த ருசிக்காக வாங்குவது. நமக்கு அந்த ஏக்கம் ஏது? சாம்பார், ரசம், புளிக்குழம்பு, பொரியல், துவையல் எதிலும் பால் இல்லை. மேலே விடுகிற நெய்யை நிறுத்தினால் போதும். இடிப்பது தயிரும் காபியும்தான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

குக்கர் வரும்வரை துவரம்பருப்பைத் தொடாதீர்கள். எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் 'ரோட்டே லின்சன்' என்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், நம்ம மைசூர்ப் பருப்புதான். ஊறவைக்க வேண்டாம், சாதாரணப் பாத்திரத்தில் கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். வேகும்போதே தக்காளி, மஞ்சள்தூள், கீறிய பச்சைமிளகாய் போட்டு, கடைசியில் கடுகு, சீரகம், பூண்டு தாளித்துக் கொட்டினால் சோற்றுக்கும் ஆச்சு, ரொட்டிக்கும் ஆச்சு. கொண்டைக்கடலை, ராஜ்மாவை வேகவைத்த டப்பாவாகவே வாங்குங்கள். தண்ணீரில் சுண்ணாம்பு கூடினால் காய்ந்த பயறு லேசில் வேகாது.

விடுதியில் இருப்பது இரும்புத் தட்டு மின்சார அடுப்பு என்றால் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சூடாக நேரம் எடுக்கும், அணைத்த பிறகும் நெடுநேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். தாளிக்கும்போது கடுகு வெடிக்கவில்லையே என்று சூட்டைக் கூட்டினால், அடுத்த நொடி வெந்தயம் கருகிவிடும். நடுச்சூட்டில் வைத்துப் பொறுமையாக நில்லுங்கள். சோறு முக்கால் வேக்காடு வந்ததும் அணைத்து மூடிவிடுங்கள், மிச்சத்தை அந்தத் தட்டே பார்த்துக்கொள்ளும். மிளகாய் வறுக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்து அறைக்காரர்கள் இருமினால் நட்பு கெட்டுப்போகும்.

நம்ம ஊர் மறுவீட்டுச் சொதி முழுக்க வீகன் என்பது எப்போதாவது தோன்றியிருக்கிறதா? அதை இங்கே அரைமணி நேரத்தில் செய்யலாம். ஒரு டப்பா தேங்காய்ப்பாலில் கால்வாசியை எடுத்துத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கலக்கினால் அதுதான் இரண்டாம் பால். அதில் கேரட், பீன்ஸ், உருளை, உறைந்த பட்டாணி போட்டு வேகவிடுங்கள். தனியாக வேகவைத்த பாசிப்பருப்பும் இஞ்சி பச்சைமிளகாய் விழுதும் சேருங்கள். மிச்சக் கெட்டிப் பாலை ஊற்றிச் சூடு ஏறியதும் இறக்கிவிடுங்கள், கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். எலுமிச்சை பிழிவது இறக்கிய பிறகுதான். சொதிக்குத் தொட்டுக்கொள்ளும் இஞ்சித் துவையலுக்கு மிக்சி இல்லையென்றால் இஞ்சி ஊறுகாயை வைத்துச் சமாளிக்கலாம். ஒரு எச்சரிக்கை: டப்பாப் பால் வாங்குங்கள், தேங்காய்ப்பால் பொடி வேண்டாம். பல பொடிகளில் பால் புரதம் கலந்திருக்கும்.

அந்த மாதிரி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது இங்கே சுலபம். ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருள்களைப் பட்டியலில் வேறுபடுத்திக் காட்டவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். 'மில்ஷ்' என்றால் பால், 'ஐயர்' என்றால் முட்டை (சிரிக்காதீர்கள்). ஆனால் தேனும் ஜெலட்டினும் அந்த 14-இல் இல்லை. மிட்டாய் வாங்கும்போது முழுப் பட்டியலையும் படிக்கத்தான் வேண்டும்.

சாமானுக்கு ரயில் நிலையத்துக்கு வடக்கே நோர்ட்ஸ்டாட் பக்கம் நடங்கள். துருக்கிக் கடைகளில் கொத்தமல்லி, புதினா, கத்தரிக்காய், கொண்டைக்கடலை எல்லாம் சூப்பர்மார்க்கெட்டைவிடக் கை நிறையக் கிடைக்கும். கறிவேப்பிலை, முருங்கைக்காய், துருவி உறையவைத்த தேங்காய்க்கு ஈழத்தமிழர் கடைதான். 1983-க்குப் பிறகு வந்து இந்த வட்டாரத்தில் வேரூன்றியவர்கள் அவர்கள். பக்கத்து ஹம் நகரில் 2002-இல் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் வைத்துக் கோயிலே எழுப்பியவர்கள். கடை அண்ணனிடம் கேட்டு வறுத்த கறித்தூள் (அவர்களுடைய மசாலாப்பொடி, இறைச்சி இல்லை) ஒரு பாக்கெட் வாங்குங்கள், அசதியான நாளில் உருளைக்கிழங்கும் அந்தத் தூளும் போதும். அம்மாவிடம் பச்சைக் கறிவேப்பிலை கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள், தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். பருப்புப்பொடி, புளி, பெருங்காயம் வரட்டும்.

தயிருக்கு, சர்க்கரை சேர்க்காத சோயாத் தயிர். சோற்றில் பிசைந்து உப்பும் கொஞ்சம் எலுமிச்சையும் விட்டு, கடுகு இஞ்சி தாளித்தால் முக்கால்வாசி ஏமாற்றிவிடும். முழுதாக ஏமாற்றும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். காபிக்கு 'பரிஸ்டா' என்று எழுதிய ஓட்ஸ் பால், டிகாக்‌ஷனில் திரியாது. 'பயோ' (இயற்கை வேளாண்மை) ஓட்ஸ் பாலில் பொதுவாகக் கால்சியம் சேர்ப்பதில்லை, தினமும் குடிப்பதற்குச் சேர்த்ததைப் பார்த்து வாங்குங்கள்.

வைட்டமின் பி12 மாத்திரையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காய்கறி, பருப்பிலிருந்து அது நமக்குப் போதுமான அளவு கிடைக்காது, இட்லி மாவு புளித்தாலும் கிடைக்காது. டிஎம், ராஸ்மன் கடைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். எவ்வளவு என்று ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், ஆகவே சனிக்கிழமையே பை நிறைத்துவிடுங்கள். குக்கர் வரவழைக்கும் முன் அடுப்பு எந்த வகை என்று பார்த்து எழுதுங்கள். இண்டக்‌ஷன் என்றால் வீட்டில் கிடக்கிற சாதா அலுமினியக் குக்கர் சூடே ஆகாது, அடிப்பாகம் காந்தம் ஒட்டுகிற ஸ்டீல் குக்கராக வேண்டும்.