பழைய கேஸ் ஷீட்டை வைத்து ஒரு மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல முடியுமா?

கேள்வி: எங்கள் ஐசியுவில் ஒரு குறிப்பிட்ட மருந்து கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்களைவிட அதிகம் பிழைக்கிறார்கள். பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்து இதை ஆய்வுக் கட்டுரை ஆக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

ஆக்கலாம். ஆனால் நீங்கள் பார்க்கிற வித்தியாசம் மருந்தால் வந்ததா, எண்ணிய விதத்தால் வந்ததா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். தீசிஸ் கெடு நெருங்கும் முதுநிலை மாணவர் என்று உங்களை வைத்துக்கொள்கிறேன். ரெக்கார்டு ரூமுக்குள் இன்னும் இறங்கவில்லை என்றால் நல்லது. இறங்கியிருந்தால் பாதி வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐசியுவில் 100 பேர் சேர்கிறார்கள். முதல் இரண்டு நாளிலேயே 20 பேர் இறந்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் மீதமுள்ள 80 பேரில் 40 பேருக்கு மருந்து, 40 பேருக்கு இல்லை. அந்த மருந்து வெறும் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் பத்துப் பத்துப் பேர் இறக்கிறார்கள். இப்போது எக்செலில் ‘மருந்து கொடுத்தது: ஆம் / இல்லை’ என்று பிரித்தால் என்ன வரும்? ‘ஆம்’ பக்கம் 40க்கு 10, அதாவது 25 சதவீதம். ‘இல்லை’ பக்கம் 60க்கு 30, அதாவது 50 சதவீதம். முதல் இரண்டு நாளில் இறந்த 20 பேரும் மருந்து வாங்க வாய்ப்பே இல்லாமல் ‘இல்லை’ பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தண்ணீர் இறப்பைப் பாதியாக்கிவிட்டது! பி வேல்யூவும் (மருந்தால் ஒரு வித்தியாசமும் இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே வந்து நிற்கும். மருந்து பெற்றவர் மருந்து பெறும்வரை உயிரோடு இருந்தே ஆக வேண்டும். அந்த நாட்களை மருந்தின் கணக்கில் வரவு வைப்பதுதான் கோளாறு.

சரிசெய்வதில் எளிய வழி, ஒரு நாளைக் குறித்துக்கொள்வது. மேலே சொன்ன உதாரணத்தில் மூன்றாம் நாள் முடிவு. அந்த நேரத்தில் உயிரோடு இருப்பவர்களை மட்டும் எடுங்கள். அதுவரை மருந்து தொடங்கியவர் ஒரு குழு, தொடங்காதவர் மறு குழு. ஆறாம் நாள் மருந்து தொடங்கினாலும் அவர் ‘இல்லை’ குழுவிலேயே இருக்கட்டும், பின்னால் மாற்றாதீர்கள். நாட்களையும் அன்றிலிருந்தே எண்ண வேண்டும். (புள்ளியியல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். காலத்தோடு மாறும் காக்ஸ் மாடல் (யாருக்கு எந்த நாளில் மருந்து தொடங்கியது என்பதையும் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) இதைவிடத் திறமாகச் செய்யும் என்று தெரியும். கெடு நெருங்கும் ஒருவர் தனியாகச் செய்து தப்பில்லாமல் முடிக்கக்கூடியதைச் சொல்கிறேன்.)

இது தீர்ந்தாலும் அடுத்தது நிற்கிறது: மருந்தை யாருக்கு, ஏன் கொடுத்தார்கள்? மோசமானவர்களுக்கு மட்டும் கொடுத்திருந்தால் நல்ல மருந்தும் விஷம்போலத் தெரியும். தேறுவார் என்று தோன்றியவர்களுக்குக் கொடுத்திருந்தால் தண்ணீரும் அமுதமாகிவிடும். ஆகவே மருந்து தொடங்கிய அன்றைய நிலையை எடுங்கள்: ரத்த அழுத்தம், ஆக்சிஜன் தேவை, வென்டிலேட்டர் உண்டா, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் ரத்த அளவு), சுயநினைவு. வார்டில் சேர்ந்த அன்றைய நிலை இதற்கு ஈடாகாது. 2020இல் ரெகவரி என்ற பெரிய ஆய்வு கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தினம் 6 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாள் இறப்பு மருந்தில்லாக் குழுவில் 41.4 சதவீதம், மருந்துக் குழுவில் 29.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் மருந்தில்லாக் குழுவில் 14.0, மருந்துக் குழுவில் 17.8, அங்கே பலனில்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம். ஆக்சிஜன் நிலையைக் குறிக்காமல் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டியிருந்தால் இது தெரிந்திருக்காது.

‘முன்பு கொடுக்கவில்லை, இந்த வருடம் கொடுக்கிறோம், இறப்பு குறைந்தது’ என்ற வகை ஒப்பீடு இன்னும் வழுக்கும். கடுமையான செப்சிஸுக்கு (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) வைட்டமின் சி, ஹைட்ரோகார்டிசோன், தயாமின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த ஒரு மருத்துவமனையின் முன்-பின் ஒப்பீடு 2017இல் வந்தது. இரு பக்கமும் 47 பேர். இறப்பு 40.4 சதவீதத்திலிருந்து 8.5க்கு இறங்கியதாகக் கணக்கு. பிறகு குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் காணவில்லை. 2022இல் வெளியான லோவிட் சோதனையில் வைட்டமின் சி மட்டும் பெற்றவர்களில் 44.5 சதவீதம் பேர் இறந்தார்கள் அல்லது உறுப்புச் செயலிழப்போடு இருந்தார்கள். டம்மி மருந்துக் குழுவில் 38.5. முன்-பின் ஒப்பீட்டைச் செய்தவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. இடையில் பணியாளர், ஆன்டிபயாடிக் போடும் வேகம், சேரும் நோயாளியின் ரகம் எல்லாமே மாறியிருக்கலாம். முன்-பின் ஒப்பீட்டில் அதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

அடுத்து, ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். கேஸ் ஷீட்டில் டிஸ்சார்ஜ் என்றால் வீட்டுக்கு நடந்து போனவரும் உண்டு, வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவரும் உண்டு, ‘இனி வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்’ என்று உறவினர் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனவரும் உண்டு. மூன்றாமவர் பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாளோதான். அவரை ‘உயிரோடு’ என்று குறித்தால் உங்கள் இறப்பு விகிதம் பொய். நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: இறப்பு, தேறி வீடு, மாற்றம், மருத்துவர் சொல்லை மீறிய வெளியேற்றம். முடிந்தால் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியோடு 28ஆம் நாள் நிலவரத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். எடுக்காதவரைப் ‘பிழைத்தார்’ பக்கம் தள்ளாதீர்கள்; ‘தெரியவில்லை’ என்றே எழுதி, அந்த எண்ணிக்கையைக் கட்டுரையில் காட்டுங்கள்.

தரவு ஏற்றும்போது வரும் தொல்லைகள் சில்லறைதான், ஆனால் ஆளைக் கொல்லும். ஒரே நோயாளி மறுபடி சேர்ந்தால் இரண்டு வரியாகிவிடுவார். முதல் சேர்க்கையை மட்டும் எடுப்பதா என்று முன்பே முடிவு செய்யுங்கள். கிரியேட்டினின் ஒரு லேபில் மில்லிகிராம், இன்னொன்றில் மைக்ரோமோல், 1.2ம் 106ம் ஒரே அளவு (பெருக்கும் எண் 88.4). 03/04 மார்ச்சா ஏப்ரலா என்று எக்செல் தானாக முடிவெடுக்கும். நாள், மாதம், வருடத்துக்குத் தனித்தனிப் பத்தி வையுங்கள். லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) பார்க்கவில்லை என்றால் அது நார்மல் என்று பொருளில்லை. நோயாளி சுமாராக இருந்ததால் யாரும் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம், இயந்திரம் பழுதாகவும் இருக்கலாம். காலிக் கட்டத்தில் சைபர் போடவே கூடாது.

முதலில் 20 கேஸ் ஷீட் மட்டும் எடுத்து ஏற்றுங்கள். படிவத்தில் என்ன கேட்டும் கிடைக்காது என்று அப்போதே தெரிந்துவிடும். பிறகு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை உங்கள் படிவத்தைப் பார்க்காமல் இன்னொருவர் ஏற்றட்டும். இருவரும் எங்கே முட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பொதுவாக முட்டுவது ‘மருந்து எப்போது தொடங்கியது’ என்பதில். டாக்டர் எழுதிய நேரம் காலை 10, நர்சிங் சார்ட்டில் ஊசி போட்ட நேரம் மாலை 4 என்று இருக்கும். நர்சிங் சார்ட்டை எடுங்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பது எல்லாரும் கடைசியில் கேட்கிற கேள்வி. இறப்பு 40 சதவீதத்திலிருந்து 30க்குக் குறைகிறதா என்று 80 சதவீத பவரோடு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) பார்க்கவே ஒவ்வொரு குழுவிலும் சுமார் 350 பேர் வேண்டும். ‘50 பேருக்குக் கொடுத்தோம், ஒருவர்கூட இறக்கவில்லை’ என்றாலும் உண்மையான இறப்பு 6 சதவீதம் வரை இருக்கலாம் (3ஐ 50ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்). மொத்தம் 30 இறப்புதான் இருக்கிறது என்றால் மாடலில் (வயது, ரத்த அழுத்தம் போன்ற காரணிகளைச் சேர்த்துப் பார்க்கும் புள்ளியியல் கணக்கில்) மூன்று காரணிக்கு மேல் திணிக்காதீர்கள். இது கறாரான விதி இல்லை, கைக்கணக்குதான். ஆனால் 30 இறப்புக்கு 14 காரணி போட்ட அட்டவணையைப் பார்த்தால் மேலே படிக்கத் தோன்றாது.

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கேஸ் ஷீட்டைத் தொடும் முன் வேண்டும், தொட்ட பின் அல்ல. பழைய பதிவு என்றால் தனித்தனி ஒப்புதலிலிருந்து விலக்குக் கேட்டு எழுதலாம். தருவதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. பெயர், பதிவு எண்ணை எடுத்துவிட்டு வரிசை எண் கொடுங்கள்; எந்த எண் யார் என்ற பட்டியல் வேறு கோப்பில், வேறு பூட்டில் இருக்கட்டும்.

கேட்காத ஒன்றும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பட்டியலை இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தூசியில் உட்கார்ந்து 700 கேஸ் ஷீட் புரட்டியவர் பெயர் நன்றியுரையில் அரை வரியாகவும், ஒரு பக்கம்கூடப் படிக்காத துறைத்தலைவர் பெயர் முதலிலும் வருகிற வழக்கம் எத்தனை வழிகாட்டுதல் வந்தாலும் போகவில்லை. இதைச் சொன்னால் சீனியர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். உங்கள் தாளில் வரிசை மட்டும் போதாது, யார் எதைச் செய்தார் என்றும் பக்கத்தில் எழுதி, தேதி போட்டு வையுங்கள்.