மைத்துனரின் தவணையும் ஏழு இருக்கைக் காரும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 35. சுங்கை சிப்புட்டில் தாமான் வீட்டில் குடியிருக்கிறோம். செம்மோர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 3,600 ரிங்கிட். மனைவி பாலர்பள்ளி ஆசிரியை, அவருக்கு 1,600 ரிங்கிட். 7 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மூன்று மாதத்தில் மூன்றாவது குழந்தை பிறக்கவிருக்கிறது. அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்கடன் மாதம் 900 ரிங்கிட். எங்களிடம் இருப்பது ஒரு பழைய கஞ்சில் கார் மட்டும். நான் வேலைக்கு மோட்டாரில் போகிறேன். குழந்தை பிறந்தபின் அதை நிறுத்த நினைக்கிறேன். எண்ணெய்ச் சிக்கனமான, எங்கள் வருமானத்திற்குத் தாங்கக்கூடிய கார் எது? பெரோடுவாவின் ஏழு இருக்கை அல்சாவா, ஐந்து இருக்கை பெஸாவா, அல்லது முன்பணம் இல்லாமல் தருவதாகச் சொல்லும் மின்சாரக் காரா? முன்பணத்திற்கு, எப்போதும் எடுக்கக்கூடிய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கில் 6,000 ரிங்கிட் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் மைத்துனருக்காக என் பெயரில் ஒரு கார் எடுத்துக் கொடுத்தேன். மாதம் 847 ரிங்கிட்டை அவர்தான் கட்டுகிறார். கடந்த ஆண்டு ஐந்து மாதம் அவரால் முடியவில்லை. நான் கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக் கட்டினேன். இப்போது வங்கி என் விண்ணப்பத்திற்குத் தயங்குகிறது. மனைவியை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார் விற்பனையாளர். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

எந்தக் கார் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் கார்களைப் பற்றிய பத்திகளைவிட, மைத்துனரைப் பற்றி நீங்கள் எழுதிய நான்கு வரிகளையே நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் இணைத்தனுப்பிய வங்கிக் கணக்குப் பட்டியலையும் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி கட்டவேண்டிய தவணை 26, 28 ஆகிய தேதிகளில் போயிருக்கிறது. இரண்டு இடங்களில் அடுத்த மாதத்திற்கே தள்ளிப் போயிருக்கிறது. வங்கி உங்கள் விண்ணப்பத்திற்குத் தயங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் கடன் பதிவில் கடைசி 12 மாதத் தவணை நிலவரம் அப்படியே தெரியும். அதில் மைத்துனரின் பெயர் இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும்.

முதலில் எண்ணெய்க் கணக்கை முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் கவலையில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. வேலைக்குப் போய்வர நாளுக்கு 35 கிலோமீட்டர், மாதத்தில் 24 நாள், அதோடு பள்ளி, சந்தை, கோயில், ஈப்போ என்று எல்லாம் சேர்த்து மாதம் 1,200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்கு ஏறத்தாழ 67 லிட்டர் வேண்டும். 14 கிலோமீட்டர் ஓடும் ஏழு இருக்கைக் காருக்கு 86 லிட்டர் வேண்டும். உதவித்தொகையோடு கிடைக்கும் ரோன்95 பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 2 ரிங்கிட் என்றால், இரண்டிற்கும் உள்ள வித்தியாசம் மாதத்திற்கு 40 ரிங்கிட்டைத் தொடாது. இந்த 40 ரிங்கிட்டிற்காக நீங்கள் பல வாரமாகக் கார்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதே நேரத்தில் மாதம் 847 ரிங்கிட் என்ற பொறுப்பு உங்கள் தலையில் இருக்கிறது. அதை 'அவர்தான் கட்டுகிறார்' என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்கள்.

கடந்த ஆண்டு ஐந்து மாதத் தவணையை நீங்கள் கட்டினீர்கள். அது 4,235 ரிங்கிட். ஆண்டு முழுதும் பரப்பிப் பார்த்தால் மாதம் 353 ரிங்கிட். இப்போது நீங்கள் அல்சா வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 2022-இல் இரண்டாம் தலைமுறை அல்சா வந்தபோது அதன் தொடக்க விலை 62,500 ரிங்கிட். பத்து விழுக்காடு முன்பணம் போக 56,250 ரிங்கிட் கடன், 3 விழுக்காடு நிலைவட்டி (தொடக்கக் கடன் தொகை முழுவதற்கும் கடைசிவரை போடும் வட்டி), ஒன்பது ஆண்டு என்று போட்டால் மாதத் தவணை 661 ரிங்கிட் வரும். அதோடு மைத்துனருக்காக நீங்கள் சராசரியாகக் கட்டும் 353-ஐயும் சேர்த்தால் 1,014 ரிங்கிட். இதை வங்கி எப்படிப் பார்க்கும் என்றும் கணக்கிடுங்கள். வீட்டிற்கு 900, மைத்துனர் காருக்கு 847, கிரெடிட் கார்டின் குறைந்தபட்சக் கட்டணம் ஏறத்தாழ 210, புதிய காருக்கு 661, மொத்தம் 2,618. உங்கள் 3,600 ரிங்கிட்டில் இது 73 விழுக்காடு. மைத்துனர் கணக்கும் அதனால் வந்த கார்டு பாக்கியும் இல்லாதிருந்தால், இதே காருக்கு இந்த அளவு 43 விழுக்காடாக இறங்கிவிடும். உங்களுக்குக் கார் வாங்கும் தகுதி இருக்கிறது. அதை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

நம் மக்களிடையே இது வெகுநாளாக இருக்கும் வழக்கம் என்பதை அறிவேன். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து, சம்பளச் சீட்டும் இபிஎஃப் பதிவும் ஒழுங்காக இருக்கும் முதல் ஆள் குடும்பத்தில் ஒருவராகத்தான் இருப்பார். உறவினர் எல்லோரும் அவரிடமே வருவார்கள். 'பெயர் மட்டும் போடுங்கள், பணம் நான் கட்டிவிடுகிறேன்' என்று கேட்கும்போது மறுக்க மனம் வராது. ஆனால் மைத்துனருக்கு வங்கி ஏன் கடன் தரவில்லை என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அவருடைய வருமானத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிய கடனை, வட்டி கூட இல்லாமல் நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்.

இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. வங்கிக்குத் தெரியாமல் வாடகைக்கொள்முதல் காரை (தவணை முடியும்வரை வங்கிக்குச் சொந்தமான காரை) இன்னொருவர் கையில் கொடுத்து அவரையே தவணை கட்டவைப்பது, சம்போங் பாயார் என்று எல்லோரும் பேசுவது, சட்டத்திற்குப் புறம்பானது. உறவினர் என்பதால் அதற்கு விலக்கு இல்லை. அந்தக் கார் மீது வரும் சம்மன் உங்கள் பெயருக்கே வரும். உங்கள் கைப்பேசியில் உள்ள, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் மைஜேபிஜே செயலியை இன்றே திறந்து, அந்தக் காரின் சாலை வரி எந்தத் தேதிவரை இருக்கிறது என்று பாருங்கள். தவணைக்கே திணறும் ஒருவர் காப்புறுதியை நேரத்தோடு புதுப்பித்திருப்பார் என்று நம்புவதற்கு உங்கள் பட்டியல் இடம் கொடுக்கவில்லை. காப்புறுதி இல்லாத வாகனத்தை ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்ட அனுமதிப்பவரையும் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொறுப்பாக்குகிறது. ஒரு விபத்து நடந்தால் காவல் நிலையத்திற்குப் போகவேண்டியவர் நீங்கள்.

அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினாலே, 1967-ஆம் ஆண்டு வாடகைக்கொள்முதல் சட்டப்படி வங்கி நோட்டீஸ் அனுப்பிவிட்டு, 21 நாளுக்குப் பின் காரை இழுத்துச் செல்லலாம். மொத்தத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால்தான் அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவைப்படும். உங்கள் கணக்கில் 108 தவணையில் 48 மட்டுமே போயிருக்கிறது, அதாவது 45 விழுக்காடு கூட இல்லை. ஏலத்தில் கார் போன விலைக்கும் பாக்கிக்கும் உள்ள குறையை வங்கி உங்களிடம்தான் கேட்கும்.

ஆகவே என் பதில் இதுதான். இப்போதைக்குப் புதிய கார் வாங்க வேண்டாம். மைத்துனரிடம் இருக்கும் காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அது 1.5 லிட்டர் செடான், நான்கு ஆண்டுதான் ஆகிறது, உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது, உங்கள் கடனில் ஓடுகிறது. அதற்கு மாதம் 847 ரிங்கிட் என்பது முன்சொன்ன 1,014-ஐவிடக் குறைவு. வீட்டுக்கடனோடு சேர்த்தாலும் உங்கள் சம்பளத்தில் பாதிக்குள் அடங்கும். மைத்துனர் இதுவரை கட்டியது நான்கு ஆண்டு அந்தக் காரைப் பயன்படுத்தியதற்கான செலவு என்று இரு பக்கமும் ஏற்றுக்கொள்வது நியாயமாக இருக்கும். அவர் தொடக்கத்தில் முன்பணம் போட்டிருந்தால், காரை விற்கும் நாளில் மிஞ்சுவதிலிருந்து அதில் ஒரு பங்கைத் தருவதாகச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்.

காரைத் தர அவர் மறுத்தால், தம் பெயரில் கடன் எடுத்து உங்கள் கடனை அடைத்துவிட்டு, புஸ்பகோம் வாகனப் பரிசோதனை முடித்து ஜேபிஜேயில் பெயரை மாற்றிக்கொள்ளட்டும். அதற்கு இரண்டு மாதம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இப்போது கணக்கை முடிக்க வங்கி கேட்கும் தொகை, வட்டிக் கழிவு போக, 45,000 ரிங்கிட்டை ஒட்டி இருக்கும் என்று கணக்கிடுகிறேன். சரியான தொகையை வங்கியிலிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அவர் உடன்படாவிட்டால் காரை விற்றுக் கணக்கை முடிக்க வேண்டியதுதான்.

இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்பது வங்கிக் கணக்கைவிடக் கடினம். முதலில் மனைவியிடம் பேசுங்கள், பட்டியலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். அவருடைய தம்பி என்பதால் இந்தச் சுமையில் பாதியை அவர் இத்தனை நாள் மனத்திலேயே சுமந்திருக்கக்கூடும். பிறகு இருவரும் சேர்ந்து மாமனார் வீட்டிற்குப் போங்கள். கல்யாண வீட்டிலோ திருவிழாக் கூட்டத்திலோ இதைத் தொடங்காதீர்கள். மைத்துனர் கெட்டவர் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது பிள்ளை வருகிறது, வங்கி எனக்குக் கடன் தரவில்லை, காரணம் இந்தத் தேதிகள் என்று சொன்னால் போதும்.

செடானில் ஆறு பேர் போக முடியாது என்பதை மறைக்கவில்லை. 2020 ஜனவரி முதல் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை கட்டாயம். பின்னிருக்கையில் மூன்றைப் பொருத்துவதே நெருக்கடி. அம்மாவையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஆறு பேரும் ஒன்றாகப் போகும் நாள்கள் மாதத்தில் சிலவே இருக்கும். அந்த நாள்களில் ஒரு கிராப் எடுங்கள், அல்லது பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அதற்காக ஆகும் செலவு புதிய கடனின் ஒரு மாதத் தவணைக்குப் பக்கத்தில் கூட வராது.

ஓராண்டு அந்த 847 ரிங்கிட்டை 7-ஆம் தேதிக்கு முன்பே நீங்களே கட்டுங்கள். சிசிரிஸ் பதிவு 12 மாதத்தில் சுத்தமாகிவிடும். பாக்கியும் 37,000 ரிங்கிட் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது செடானை விற்றுக் கணக்கை முடித்துவிட்டு ஏழு இருக்கைக் காருக்கு மாறலாம். அந்த நேரத்தில் நான் அல்சாவைத்தான் சொல்வேன். பெஸாவின் பின்பெட்டி 508 லிட்டர், நல்ல கார், ஆனால் ஐந்து பேருக்கானது. உங்கள் குடும்பம் அதைத் தாண்டிவிட்டது. எக்ஸோரா, எக்ஸ்பாண்டர் போன்ற ஏழு இருக்கைக் கார்கள் உங்களுக்கு எண்ணெயிலோ விலையிலோ கூடுதல் சுமை. 2009 முதல் 2022 வரை வந்த முதல் தலைமுறை அல்சாவும் கிடைக்கும். மூன்றாவது வரிசை குறுகல், பிள்ளைகளுக்குப் போதும், அதை நிமிர்த்தினால் பின்னால் சாமான் வைக்க இடம் இருக்காது. பழைய காருக்கு விலையைக் கூட்டிக் காட்டி முழுக்கடன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் வியாபாரியிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கூட்டிக் காட்டிய தொகைக்கும் ஒன்பது ஆண்டு வட்டி கட்டப்போவது நீங்கள்.

முன்பணம் இல்லாத மின்சாரக் காரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உங்கள் எண்ணெய்ச் செலவு முழுவதுமே நின்றுவிட்டாலும் மாதம் மிச்சமாவது 170 ரிங்கிட். அதிலும் மின்கட்டணம் போகும். முன்பணம் கேட்காதவர் அதைத் தவணையில் கேட்பார்.

இபிஎஃப் மூன்றாம் கணக்கைத் தொடாதீர்கள். 2024-ஆம் ஆண்டிற்கு இபிஎஃப் தந்த ஈவு 6.3 விழுக்காடு. ஒன்பது ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலைவட்டி என்பது உண்மையில் ஏறத்தாழ 5.5 விழுக்காட்டிற்குச் சமம். 6.3 தரும் இடத்திலிருந்து எடுத்து 5.5 விழுக்காட்டுக் கடனைக் குறைப்பதில் லாபம் இல்லை. அந்தப் பணத்திற்கு உங்கள் வீட்டில் ஒரே ஒரு நியாயமான பயன் இருக்கிறது: மைத்துனர் தவணைக்காகக் கார்டில் ஏறிய 4,200 ரிங்கிட்டிற்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி போகிறது, மாதம் 60 ரிங்கிட்டிற்கு மேல். அதை அடைக்க மட்டும் எடுக்கலாம். அடைத்தபின் அந்தக் கார்டை மற்றவர் தவணைக்கு மறுபடியும் நீட்ட வேண்டாம். வீட்டுக்கடன், கார், கார்டு எல்லாம் சேர்ந்து தடுமாற்றம் வந்தால், பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது; தாமதமாகும் முன்பே போங்கள்.

மனைவி ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது. குடும்பக் காருக்காக ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017 முதல் சட்டம் இருப்பதைக் காட்டி விற்பனையாளர் சமாதானம் சொல்லலாம். திவாலாக்க முடியாதே தவிர, கடனை அவரிடம் கேட்கலாம், வழக்கும் போடலாம். உங்கள் வீட்டில் இன்று சுத்தமாக இருக்கும் ஒரே பெயர் அவருடையது. அடுத்த ஆண்டு கார் வாங்கும்போது அது அப்படியே இருக்கட்டும்.