முகப்பு மட்டும் மிஞ்சினால் போதுமா?

கேள்வி: பெருநகர வணிக மையங்களில் பழைய கட்டடத்தின் முகப்புச் சுவரை மட்டும் விட்டுவைத்து, உள்ளே அனைத்தையும் இடித்து, பின்னால் அலுவலகக் கோபுரம் எழுப்புகிறார்கள். இதை மரபுக் கட்டடப் பாதுகாப்பு என்று ஏற்கலாமா?

பதில்: பெரும்பாலான இடங்களில் ஏற்க முடியாது என்பதே என் கருத்து. நுழைவாயில், அதை அடுத்த கூடம், மாடிப்படி, அறைகளின் உயரம், சன்னல் வழியே வெளிச்சம் உள்ளே விழும் விதம் ஆகிய எல்லாம் சேர்ந்துதான் ஒரு கட்டடம். தெருவைப் பார்த்து நிற்கும் சுவர் அதில் ஒரு பங்கு. புதிய தளங்களின் உயரம் பழைய சன்னல்களோடு பொருந்தாதபோது, கான்கிரீட் தளத்தின் விளிம்பு சன்னலின் நடுவே குறுக்காக ஓடுவதைத் தெருவிலிருந்தே காணலாம்.

நேர்த்தியாகச் செய்தவர்களும் உண்டு. நியூயார்க்கில் ஜோசப் அர்பன் வடிவமைத்த ஹர்ஸ்ட் நிறுவனத்தின் ஆறு மாடிக் கட்டடம், பின்னாளில் மேலே கோபுரம் எழுப்பும் எண்ணத்துடனேயே 1928-இல் கட்டி முடிக்கப்பட்டது. அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தத்தால் அந்த எண்ணம் கிடப்பில் போய், 2006-இல் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த 46 மாடிக் கோபுரமாக நிறைவேறியது. அங்கும் உட்பகுதி அகற்றப்பட்டதே என்றாலும், பழைய சுவருக்கும் கோபுரத்துக்கும் இடையே கண்ணாடிக் கூரை வழியே வானம் தெரிவதால் இரண்டும் தனித்தனியே மூச்சு விடுகின்றன. ஆயினும் நான் மேலாக மதிப்பது டொரன்டோவின் காமர்ஸ் கோர்ட் வளாகத்தை. 1931-இல் எழுந்த 34 மாடி வங்கிக் கட்டடத்தை முழுமையாக விட்டுவைத்து, அதன் அருகே ஒரு முற்றத்தைச் சுற்றி, ஐ. எம். பெய் வடிவமைத்த 57 மாடிக் கோபுரத்தை எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டினார்கள். பழைய வங்கிக் கூடம் இடிபடாமல் தப்பியது.

கேள்வி: உள்ளே எல்லாவற்றையும் இடித்த பிறகு, சுவர் மட்டும் எப்படி விழாமல் நிற்கிறது?

பதில்: பழைய கட்டடங்களில் ஒவ்வொரு தளமும் குறுக்குச் சுவரும் முகப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே உள்ளே ஓர் உத்தரத்தைக் கழற்றுவதற்கு முன்பே, பெரும்பாலும் நடைபாதைப் பக்கமாக இரும்புச் சட்டகம் எழுப்பி, சன்னல் திறப்புகளின் ஊடே விட்டங்களைச் செலுத்தி, சுவரை இருபுறமும் கவ்விக்கொள்ளும்படி செய்வார்கள். காற்றின் விசையில் சட்டகம் சாயாதிருக்க அதன் அடியில் கனத்த கான்கிரீட் பாளங்களை ஏற்றி வைப்பார்கள். சுவரில் ஒட்டிய சிறு குறிகளை அளவைக் கருவியால் நோக்கி, அசைவை மில்லிமீட்டர் கணக்கில் குறித்து வருவார்கள்.

உண்மையான ஆபத்து நிலத்துக்கடியில் இருக்கிறது. கோபுரத்தின் அடித்தளத்துக்காக ஆழமாகத் தோண்டி நிலத்தடி நீரை இறைக்கும்போது, களிமண் இறுகிச் சுருங்கி, பழைய அஸ்திவாரம் ஒரு பக்கம் மட்டும் இறங்கக்கூடும். அப்போது சன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் வரிகளின் வழியே படிக்கட்டுப் போல ஏறும் விரிசல் தோன்றும். இது அண்டைக் கட்டடங்களுக்கும் நேரலாம் என்பதால், தோண்டத் தொடங்கும் முன்பே அவற்றின் ஒவ்வொரு விரிசலையும் படமெடுத்துப் பதிவு செய்யும்படி உரிமையாளர்கள் வற்புறுத்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் இணைப்புகளைச் சிமென்ட் சாந்து கொண்டு பூசுவது பெருந்தவறு. சுண்ணாம்புக் காரை வழியே வெளியேற வேண்டிய ஈரம் சிமென்ட்டால் தடுக்கப்பட்டு, கல்லின் வழியாகவே வெளியேற முயல்வதால், சில ஆண்டுகளில் கல்லின் மேற்பரப்பு செதில் செதிலாக உதிரத் தொடங்கும்.

கேள்வி: புதிய கோபுரத்தையும் பழைய பாணியிலேயே கட்டினால் என்ன?

பதில்: வேண்டாம். எது பழையது, எது புதியது என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பழைய நினைவுச்சின்னங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான, 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், தவிர்க்க முடியாத புதிய வேலை தன் காலத்தின் முத்திரையைத் தாங்கியிருக்க வேண்டும் என்கிறது.

கேள்வி: கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று தடுத்தால், உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பை யார் ஈடு செய்வது?

பதில்: நியாயமான கேள்வி. நியூயார்க்கில் 1963-இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, 1965-இல் மரபுச்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் ஐம்பது மாடிகளுக்கும் மேற்பட்ட கோபுரம் கட்ட அனுமதி மறுக்கப்பட்டபோது, உரிமையாளர்கள் வழக்காடினார்கள். 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நிலையத்தை வழக்கம்போல் நடத்த முடிகிறது, மேலே கட்ட முடியாமல் போன தளப்பரப்பு உரிமையை, அதாவது அந்த மனையில் இவ்வளவு பரப்புக்குக் கட்டலாம் என்ற உரிமையில் பயன்படாத பங்கை, அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றவும் முடிகிறது என்பதை நீதிபதிகள் கருத்தில் கொண்டார்கள்.

இந்த உரிமை மாற்றமே எனக்குத் தெரிந்தவற்றுள் நேர்மையான வழி. ஆனால் உரிமையை விற்றுப் பணம் பெற்றவர் பழைய கட்டடத்தைத் தொடர்ந்து பராமரிக்கும் திட்டத்தையும் எழுத்துப்பூர்வமாக ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்க வேண்டும். அந்த நிபந்தனை இல்லாத இடத்தில், விற்றவர் பணத்தோடு போய்விட, கூரை ஒழுகத் தொடங்கும்; பத்தாண்டுகள் கழித்து அதே கட்டடம் ஆபத்தானது என்று சொல்லி இடிக்க விண்ணப்பம் வரும்.