எக்ஸ்எம்எல் ரெஸ்பான்ஸை அப்படியே பைத்தான் டிக்ஷனரியாக மாற்றிக்கொண்டால் போதாதா? தனியாக பார்ஸ் செய்ய வேண்டுமா?

போதும், ஒரே ஒரு வரி உள்ள ஆர்டர் வரும் நாள் வரைக்கும்.

வேலைக்குப் புதிது, யாரோ ஒரு ஏபிஐ முகவரியைக் கொடுத்து "டேட்டாவை எடுத்துடு" என்று சொல்லிவிட்டார்கள், திறந்து பார்த்தால் ஜேசன் இல்லை, கோண அடைப்புக்குறியாகக் கொட்டுகிறது. உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். தேடியதும் எக்ஸ்எம்எல்டுடிக்ட் என்ற பைத்தான் லைப்ரரி கிடைத்தது. ஒரு வரி எழுதினால் டிக்ஷனரி கையில் இருக்கும். அந்த நிம்மதி எனக்கு ஏழு மாதம் ஓடியது.

எனக்கு வேலை திருப்பூரில், ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில். ஜெர்மனிக்கார பையர் ஒருவரின் ஆர்டர்கள் எக்ஸ்எம்எல்லாக வரும். ஒவ்வொரு ஆர்டருக்குள்ளும் சைஸுக்கு ஒன்றாக 'லைன்' என்ற டேக் இருக்கும். அதற்குள் ஸ்டைல், கலர், சைஸ், எண்ணிக்கை, விலை, பார்கோடு என்று ஆறு விவரங்கள். ஒரு சைஸுக்கு ஒரு பெட்டி. லைன்களை எண்ணி, பெட்டி ஸ்டிக்கர் அடிக்கும் புரோகிராமுக்கு அந்த எண்ணைக் கொடுப்பதுதான் என் கோடின் வேலை. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்றால் 1/4-இலிருந்து 4/4 வரை நான்கு ஸ்டிக்கர் வரும். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு தொப்பி ஆர்டர் வந்தது. ஃப்ரீ சைஸ், ஒரே லைன். அன்று ராத்திரி ஒன்பதரைக்கு பேக்கிங் சூப்பர்வைசர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, பொட்டி ஒண்ணுதானுங்க இருக்குது, ஸ்டிக்கரு ஆறு வந்திருக்குது. மீதி அஞ்சு பொட்டி எங்கீங்க?" தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நிற்கிறது. குடோனில் நான்கு பேர் ஒரு மணி நேரமாக இல்லாத பெட்டிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆறு எங்கிருந்து வந்தது? ஒரே பெயரில் பல டேக் இருந்தால் அந்த லைப்ரரி அவற்றை லிஸ்ட்டாகத் தரும். ஒன்றே ஒன்று இருந்தால் லிஸ்ட் கிடையாது, அந்த லைனையே டிக்ஷனரியாகத் தந்துவிடும். நான் 'லென்' போட்டு எண்ணியது அந்த டிக்ஷனரியின் கீகளை, அதாவது உள்ளே இருக்கும் விவரங்களின் பெயர்களை. ஸ்டைல், கலர், சைஸ்... ஆறு. எரர் வந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். வரவில்லை. அழகாக 1/6, 2/6 என்று அச்சாகி வந்துவிட்டது.

"ஒன்றே இருந்தாலும் லிஸ்ட்டாகவே தரச் சொல்ல ஃபோர்ஸ்_லிஸ்ட் என்று ஒரு வசதி இருக்கிறதே, டாகுமென்டேஷனைப் படிக்காமல் லைப்ரரியைக் குறை சொல்லாதே" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். ஐயா, தெரியும். அன்று தெரியாது. நான் லைப்ரரியைக் குறை சொல்லவும் இல்லை, லைப்ரரியால் வேறென்ன செய்ய முடியும்? ஜேசனில் ஒரே பொருள் இருந்தாலும் சதுர அடைப்புக்குறியைப் பார்த்ததும் லிஸ்ட் என்று தெரிந்துவிடும். எக்ஸ்எம்எல்லில் லிஸ்ட்டுக்கென்று ஒரு குறியும் இல்லை, அதே டேக் திரும்பத் திரும்ப வரும், அவ்வளவுதான். ஒன்றுக்கு மேல் வரலாமா என்பது, எந்த டேக் எப்படி வரலாம் என்று விதி சொல்லும் எக்ஸ்எஸ்டி ஃபைலில் 'மேக்ஸ்அக்கர்ஸ்' என்ற இடத்தில் எழுதியிருக்கும். லைப்ரரி அதைப் பார்ப்பதில்லை, கைக்கு வந்த ரெஸ்பான்ஸை வைத்து ஊகிக்கிறது. அந்த எக்ஸ்எஸ்டி என் மெயிலிலேயே கிடந்தது. திறக்கவில்லை.

மறுநாள் மீட்டிங்கில் என்னவெல்லாம் திட்டு வாங்கினேன் என்பதை விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. ஏழு மாதம் சரியாக ஓடியபோது, இப்படி ஒருவன் உட்கார்ந்து இதைச் செய்கிறான் என்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாண வீடுகளில் "கம்பெனியில கம்ப்யூட்டர் ஆப்பரேட்டரா இருக்கியா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் சித்தப்பா மகன் என்ன வேலை செய்கிறான் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை, பெங்களூர் என்றாலே போதும். சரி, கேள்விக்கு வருகிறேன்.

இப்போது பைத்தானோடு வரும் எலிமென்ட்ட்ரீயையே பயன்படுத்துகிறேன். 2006-இல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே அது உள்ளே இருக்கிறது, தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அதன் 'ஃபைண்ட்ஆல்' எப்போதும் லிஸ்ட்தான் தரும், லைன் நூறு இருந்தாலும் ஒன்று இருந்தாலும். ஆர்டருக்கு ஒன்று, லைனுக்கு ஒன்று என்று டேட்டாகிளாஸ் (என்னென்ன விவரம் இருக்கும் என்று முன்பே பெயர் சொல்லி வைக்கும் பைத்தான் கிளாஸ்) எழுதி, எந்த டேக் எந்த இடத்துக்குப் போகிறது, எது எண், எது எழுத்து என்பதை ஒரே ஃபங்ஷனில் நானே முடிவு செய்கிறேன். நாற்பது வரி கூடுதல். இருக்கட்டும்.

எது எண் என்பதில் அவசரப்படாதீர்கள். எக்ஸ்எம்எல்லில் வருவது எல்லாமே எழுத்துதான். இலக்கமாகத் தெரிவதையெல்லாம் இன்ட்டாக, அதாவது முழு எண்ணாக, மாற்றும் ஒரு குட்டி ஃபங்ஷனை நான் எழுதி வைத்திருந்தேன், கெட்டிக்காரத்தனம் என்ற நினைப்பில். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து பின்கோடு ஒன்று 01067. என் கையில் அது 1067 ஆயிற்று. பூஜ்ஜியத்தில் தொடங்கும் பார்கோடுக்கும் இதே கதி நேரும்.

இன்னும் இரண்டு இடத்தில் நிச்சயம் தடுக்குவீர்கள். ரெஸ்பான்ஸின் தலையில் 'எக்ஸ்எம்எல்என்எஸ்' என்று ஒரு முகவரி இருந்தால், வெறும் டேக் பெயரைக் கொடுத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நேம்ஸ்பேஸ் எனப்படும் அந்த முகவரியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். டேக் கண்ணெதிரே இருக்கிறது, ஃபைண்ட்ஆல் காலியாக வருகிறது என்று நான் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அடுத்தது, 'ஃபைண்ட்' தந்த எலிமென்ட்டை நேராக 'இஃப்' போட்டுச் சோதிக்காதீர்கள். அதற்குள் வேறு டேக் இல்லையென்றால், மதிப்பு இருந்தாலும் அது 'ஃபால்ஸ்' ஆகிவிடும். 'ஈஸ் நாட் நன்' என்றே கேளுங்கள்.

ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடும் ஸ்கிரிப்ட் என்றால் டிக்ஷனரியே போதும், நானும் அதைத்தான் செய்வேன். தினமும் ஓடப்போகிறது என்றால், எழுதும்போதே மூன்று மாதிரி ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்: பல லைன், ஒரே லைன், லைனே இல்லாதது. லைனே இல்லாத ஆர்டர் வருமா என்று பையரிடம் கேட்டேன். வாய்ப்பே இல்லை என்று பதில் அனுப்பினார்கள். போன மாதம் ரத்தான ஆர்டர் ஒன்று அப்படித்தான் வந்தது. காலி லிஸ்ட், பூஜ்ஜியம் ஸ்டிக்கர். சூப்பர்வைசர் அண்ணனிடமிருந்து போன் வரவில்லை.