மும்பை தாதர் ஸ்டேஷன் இரைச்சலில் நண்பரின் பேச்சு மட்டும் எப்படிக் கேட்கிறது? மூளை அலைகளுக்கு, அதாவது மூளை செல்கள் சேர்ந்து எழுப்பும் மின் துடிப்புகளுக்கு, இதில் பங்கு உண்டா?

உண்டு. எந்த மொழியானாலும் பேச்சின் சத்தம் நொடிக்குச் சுமார் 4, 5 தடவை ஏறி இறங்கும். பெரும்பாலும் அசைக்கு அசை வரும் ஏற்ற இறக்கம் இது. கேட்பவரின் மூளையில் செவிப்பகுதியின் மெதுவான அலைகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடி, பாடகரின் தாளத்தை மிருதங்கக்காரர் பிடிப்பதுபோல அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ரயில் அறிவிப்பு, வடாபாவ் கடைக்காரர், நண்பர் என எல்லாக் குரலும் காதில் விழுந்தாலும், கவனிக்கிற குரலைத்தான் அந்த அலைகள் நன்றாகத் தொடரும். 2012-ல் மெஸ்கரானி, சாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பதித்திருந்த நோயாளிகளுக்கு இரண்டு குரல்களைச் சேர்த்து ஒலிக்கவிட்டார்கள். பதிவில் ஓங்கி நின்றது கவனித்த குரல்தான். (அவர்கள் அளந்தது இந்த மெதுவான அலைகளை அல்ல, வேகமான அலைகளை.)

அப்புறம் ஆல்ஃபா என்ற இன்னொரு மூளை அலை. நொடிக்கு 8 முதல் 12 துடிப்பு. கண்ணை மூடினால் கூடும். அதனாலேயே இதை வெறும் ஓய்வு அலை என்று வெகுநாள் ஒதுக்கிவைத்தார்கள், பாவம். வேண்டாததை அடக்குவதில் இதற்குப் பங்குண்டு என்பதே இன்றைய கருத்து. இடப்பக்கக் குரலைக் கவனித்தால், வலப்பக்க ஒலியை அதிகம் கையாளும் இடது மூளையில் ஆல்ஃபா கூடுகிறது.

ஆனால் கவனம் அலையை மாற்றுகிறதா, அலை கவனத்தை நடத்துகிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதனால் ‘ஆல்ஃபா இசை’ என்று விற்கும் ஆப்களுக்குக் காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன்.