விஜிஏ கேபிளிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாறியதும் மானிட்டரில் கருப்பு சாம்பலாகத் தெரிகிறது. மானிட்டர் கெட்டுவிட்டதா?

பழைய விஜிஏ கேபிளைக் கழற்றிவிட்டு ஹெச்டிஎம்ஐ மாட்டியிருக்கிறீர்கள். எழுத்து கூர்மையாகிவிட்டது, ஆனால் வண்ணமெல்லாம் வெளிறி, கருப்பு சாம்பல் பூத்துவிட்டது. புது மானிட்டர் வாங்கச் சொல்கிறார் நண்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே ஒரு அமைப்புக் கோளாறுக்குப் பொருந்துகிறது. படங்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் தொழில். அதனால் இந்தச் சிக்கலைப் பலருடைய கணினியில் பார்த்திருக்கிறேன்.

கணினி ஒவ்வொரு வண்ணத்தின் அளவையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாகக் கணக்கிடுகிறது. 0 என்றால் முழுக் கருப்பு, 255 என்றால் முழு வெளிச்சம். தொலைக்காட்சி உலகத்தின் வழக்கம் வேறு. அங்கே கருப்பு 16-இல் தொடங்கும், வெள்ளை 235-இல் முடியும். ஹெச்டிஎம்ஐ இரண்டையும் கொண்டுபோகும். 1920×1080 போன்ற தொலைக்காட்சி ரெசல்யூஷன் ஒன்றைப் பார்த்ததும், எதிரில் இருப்பது டிவி என்று கிராபிக்ஸ் கார்டு முடிவுகட்டி, 16 முதல் 235 வரை என்ற சுருக்கிய அளவில் அனுப்பிவிடுவது உண்டு. மானிட்டரோ 0-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. வந்து சேர்வது 16. அதை அது அடர்ந்த சாம்பலாகத்தான் காட்டும். வெள்ளையும் 235-இல் நின்றுவிடுவதால் கொஞ்சம் மங்கும். விஜிஏவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதனால்தான் முன்பு நன்றாக இருந்தது.

மாற்றுவது எளிது. என்விடியா கார்டு என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்துக்குப் போய், கீழே 'யூஸ் என்விடியா கலர் செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்து, 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' என்ற இடத்தில் 'ஃபுல்' வையுங்கள். ஏஎம்டியில் 'பிக்சல் ஃபார்மேட்' என்று இருக்கும், அதில் ஆர்ஜிபி 4:4:4 ஃபுல். இன்டெலில் 'குவாண்டைசேஷன் ரேஞ்ச்' என்ற பெயரில் பாருங்கள். சில மானிட்டர்களின் மெனுவிலும் 'ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவல்' அல்லது 'ஆர்ஜிபி ரேஞ்ச்' என்று ஒன்று இருக்கும். கணினி, மானிட்டர் இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நேர்மாறாக, கணினி முழு அளவில் அனுப்ப, மானிட்டர் சுருக்கிய அளவை எதிர்பார்த்தால், கருப்பு அபாரமாகத் தெரியும், பலரும் அதையே நல்ல படம் என்று நம்பிவிடுவார்கள். ஆனால் தலைமுடியின் இழைகளும் நிழலில் உள்ள துணி மடிப்புகளும் ஒரே கருந்திட்டாகிவிடும். சரிபார்க்க, பெயின்ட் செயலியில் நான்கு கட்டம் வரைந்து, மூன்று வண்ண எண்களையும் சமமாக 0, 8, 16, 24 என்று கொடுத்து நிரப்புங்கள். அறை இருட்டில் நான்கும் மங்கலாகவேனும் தனித்தனியே தெரிய வேண்டும். முதல் மூன்றும் ஒன்றாகிவிட்டால் அளவு பொருந்தவில்லை.

இதைச் செய்தும் வெளிறல் போகாவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது ஹெச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் முறை. மலிவான மானிட்டர்கள் பலவும் ஹெச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதைக் காட்டும் வெளிச்சம் அவற்றிடம் இருக்காது. விண்டோஸ் 11-இல் விண்டோஸ், ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது அணையும்.

உங்கள் சிக்கல் இதோடு தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் வேறு நிறக் கோளாறுகளோடு இந்தக் கேள்விக்கு வருகிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம்.

'ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் பாருங்கள், அதில் நிறம் சரியாக இருந்தால் மானிட்டர்தான் பழுது' என்று நிறைய இடங்களில் சொல்கிறார்கள். இந்த ஆலோசனையால் நல்ல மானிட்டர்கள் வீணாகத் தூக்கி எறியப்படுகின்றன என்பது என் வருத்தம். நைட் லைட்டின் மஞ்சளும், திரையைச் சாம்பலாக்கும் கலர் ஃபில்டரும், மேலே சொன்ன அளவுச் சுருக்கமும் படம் உருவான பிறகு, வெளியே போகும் வழியில் சேர்பவை. ஸ்கிரீன்ஷாட்டில் அவை பதியாது. இதைவிட நம்பகமான சோதனை மானிட்டரின் சொந்த மெனு. பொத்தானை அழுத்தியதும் வரும் அந்தப் பெட்டியை வரைவது மானிட்டரேதான், கணினிக்கோ கேபிளுக்கோ அதில் பங்கில்லை. பின்னால் படம் முழுக்க ஊதாவாக இருந்து, மெனு மட்டும் இயல்பான நிறத்தில் வந்தால், திரையைக் குறைசொல்லாதீர்கள். கேபிளையும் அமைப்புகளையும் தேடுங்கள். மெனுவின் வெள்ளையும் சேர்ந்து மஞ்சளித்திருந்தால் திரைப் பேனலோ அதன் பின்விளக்கோ பழுதாகியிருக்கலாம்.

திடீரென்று எல்லாம் கருப்பு வெள்ளையாகிவிட்டது என்று பதறுகிறவர்கள் விண்டோஸ், கண்ட்ரோல், சி மூன்றையும் அழுத்திப் பாருங்கள். அந்தக் கலர் ஃபில்டரின் குறுக்குவழி இதுதான், தட்டச்சு செய்யும்போது தெரியாமல் விரல் பட்டுவிடும். திரை பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கலங்கினால், மானிட்டர் மெனுவில் உள்ளீட்டு நிற வகை ஒய்பிபிபிஆர் (YPbPr, டிவி உலகில் நிறத்தை அனுப்பும் முறை) என்று இருக்கிறதா பாருங்கள். கணினி ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் என்ற முறை) அனுப்பினால் அங்கும் ஆர்ஜிபிதான் இருக்க வேண்டும்.

விஜிஏவை இன்னும் விடாதவர்களும் இருக்கிறார்கள். 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த இணைப்பு அது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் போகின்றன. ஆகவே பழுதான கம்பி எது என்பதைத் திரையின் நிறமே சொல்லிவிடும். வெள்ளைப் பக்கம் மஞ்சளானால் நீலம் வரவில்லை. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமானால் பச்சை வரவில்லை. நீலப்பச்சையானால் சிவப்பு. இணைப்பை லேசாக அசைக்கும்போது நிறம் வந்து போனால் சந்தேகமே வேண்டாம், இரண்டு திருகுகளையும் இறுக்குங்கள், உள்ளே ஊசி போன்ற பின் (pin) ஏதும் வளைந்திருக்கிறதா பாருங்கள். நடு வரிசையில் ஒரு பின் இல்லாமல் இருக்கலாம். ஒன்பதாவது பின்னை வைக்காமலே பல கேபிள்கள் செய்யப்படுகின்றன, அது உடைந்ததல்ல. ஹெச்டிஎம்ஐ கேபிள் பழுதானால் இப்படி ஒரே சீரான நிறச் சாயம் வராது. புள்ளிப் புள்ளியாக மின்னும், அல்லது திரை அவ்வப்போது இருண்டு மீளும்.

செங்குத்தாக ஒரே இடத்தில் நிற்கும் வண்ணக் கோடு என்றால், வேறு கணினியில் மாட்டியும் அப்படியே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எந்த அமைப்பும் அதைச் சரிசெய்யாது, பழுது பேனலில். கணினி தொடங்கும் பயாஸ் திரையிலேயே கட்டம் கட்டமாகக் குப்பை தெரிந்து, மானிட்டரை மாற்றினாலும் அது தொடர்ந்தால், கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகியுங்கள்.

ரேஞ்சை ஃபுல் ஆக்கியும், ஹெச்டிஆரை அணைத்தும் உங்கள் கருப்பு சாம்பலாகவே இருந்தால், எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்த மாடல் மானிட்டர், அதன் மெனு என்ன நிறத்தில் தெரிகிறது என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.